எழுபத்திரண்டு துண்டு விரிப்பும் ஒரு பெட்ரோல் கணக்கும்

அந்த நோட்டு இன்னும் என் அலமாரியில் இருக்கிறது. நீல அட்டை, 192 பக்கம், மேல் ஓரம் முழுக்க எண்ணெய்க் கறை. முதல் பக்கத்தில் ‘மல்யுத்தம் - பெண்கள் - 2014-15’ என்று எழுதி அடியில் இரண்டு கோடு போட்டிருக்கிறேன். அதன் கீழே முதல் பதிவு: எலுமிச்சை 6, உப்பு 1 பாக்கெட், இட்லி 22, ஆட்டோ 140. எதிரே ‘யார் கொடுத்தது’ என்று ஒரு பத்தி. அதில் ‘நான்’ என்று இருக்கிறது. புரட்டப் புரட்ட அந்தப் பத்தியில் ‘நான்’, ‘பி.டி. சார்’, ‘ஹவில்தார் ஐயா’ என்றே மாறி மாறி வருகிறது. ‘கல்லூரி’ என்ற சொல்லைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

நான் வணிகவியல் ஆசிரியை. ஈரோட்டைச் சுற்றி இருக்கும் கலை அறிவியல் கல்லூரிகளில் ஒன்று. பெயர் வேண்டாம், இன்னும் அங்கேதான் சம்பளம் வாங்குகிறேன். விளையாட்டுக்கும் எனக்கும் இருந்த ஒரே உறவு, ஆறாம் வகுப்பில் கரண்டியில் எலுமிச்சை வைத்து ஓடி மூன்றாவதாக வந்தது. பெண்கள் அணி வெளியூர் போனால் கூட ஒரு ஆசிரியை போயாக வேண்டும் என்பதால் பி.டி. சார், அதாவது எங்கள் உடற்கல்வி இயக்குநர், ஒரு நாள் ஆசிரியர் அறைக்கு வந்தார். கபடிக்கும் கைப்பந்துக்கும் ஏற்கெனவே ஆள் கிடைத்திருந்தது. சதுரங்கத்தைக் கணிதத் துறை அக்கா முந்திக்கொண்டார். உட்கார்ந்த இடத்தில் முடிகிற வேலை. மிஞ்சியது குஸ்தி. “ஒரு நாள் போய் உட்கார்ந்துவிட்டு வந்தால் போதும் மேடம்” என்றார். அந்த ஒரு நாள் ஆறு வருடம் ஓடியது.

கொங்கு நாட்டில் தடுக்கி விழுந்தால் ஏதாவது ஒரு கபடிக் குழுவின் மேல்தான் விழ வேண்டும். பொங்கல் வந்தால் விளக்குப் போட்டு விடிய விடிய ஆடுவார்கள். குஸ்தி எங்கள் பேச்சில் மட்டும் தங்கிவிட்டது: தேர்தல் வந்தால் கோதாவில் இறங்குவார்கள், கடன்காரனுக்குக் கிடுக்கிப்பிடி போடுவார்கள். என் அப்பாரு காலத்தில் ஊருக்கு ஊர் தேகப் பயிற்சிச் சாலை இருந்ததாகவும், இளவட்டங்கள் கர்லாக்கட்டை சுழற்றியதாகவும் கேட்டிருக்கிறேன். சாண்டோ சின்னப்பா தேவர் கோவை ராமநாதபுரத்துக்காரர்தானே. உடம்பை வளர்த்துவிட்டுத்தான் சினிமாவுக்குப் போனார், பெயருக்கு முன்னால் ஒட்டிய சாண்டோ கடைசிவரை போகவில்லை. அந்தப் பழமைப் பெருமையெல்லாம் ஆண்களுக்கு. நான் பெண்கள் குஸ்திக்கு மேலாளர் என்று சொன்னதும் என் மாமியார் அடுப்பை அணைத்துவிட்டு வந்து கேட்டார்: “பிள்ளைகள் என்ன உடுத்திக்கொண்டு சண்டை போடுவார்கள், அம்மிணி?”

முதலில் ஆள் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். மற்ற விளையாட்டுகளில் ஏழு பேர், பதினோரு பேர் என்று அணி அமையும். இங்கே அணியைத் தேர்ந்தெடுப்பது தராசு. நான் சேர்ந்தபோது பெண்களுக்கு எட்டு எடைப் பிரிவு இருந்தது: 48, 53, 55, 58, 60, 63, 69, 75. ஓர் எடைக்கு ஒரு கல்லூரியிலிருந்து ஒருத்தி. அந்த எடையில் ஆள் இல்லையென்றால் அந்தப் புள்ளி வேறு கல்லூரிக்கு. அதனால் முதலாமாண்டுச் சேர்க்கை முடிந்ததும் கபடித் தேர்வு நடக்கிற மைதானத்தின் ஓரத்தில் நாங்கள் போய் நிற்போம். கபடியில் கழிந்து வருகிற பிள்ளைகள் எங்களுக்கு. மஞ்சள் மண்டியில் மூட்டையைப் பார்த்தே எடை சொல்கிற ஆட்கள் உண்டு. இரண்டே வருடத்தில் எனக்கும் அந்தக் கண் வந்துவிட்டது. பஸ்ஸில் பக்கத்தில் வந்து உட்காருகிற பெண்ணை 62 என்று மனத்துக்குள் நிறுத்துப் பார்த்துவிட்டு, சங்கடத்தோடு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டது உண்டு.

பிள்ளைகளின் பெயர்களை இங்கே எழுதப்போவதில்லை. அவசியமும் இல்லை, நாங்கள் எடையைச் சொல்லித்தான் கூப்பிட்டோம். 48 கபடியில் ரெய்டு போனவள். 58 சிலம்பக்காரி. 63 குண்டு எறிகிறவள். தோள் ஒரு கட்டில் அகலம். 53 காங்கேயம் பக்கத்துப் பிள்ளை. அம்மா நூற்பாலையில் இரவு ஷிப்டு, அப்பா இல்லை, வளர்த்தது அம்மிச்சி, அம்மாவின் அம்மா. அவள் கபடியில்கூடக் கழிந்து வந்தவள் அல்ல. விடுதிக் கட்டணம் இல்லை என்று யாரோ சொல்ல, அதற்காக வந்தவள். 60-ல் பல வருடம் ஆளே இல்லை.

2018-ல் உலக அளவில் எடைப் பிரிவுகளை மாற்றினார்கள். 48 போய் 50 வந்தது, 58 இறங்கி 57 ஆனது, 63 இறங்கி 62, 75 ஏறி 76. எட்டுப் பிரிவு பத்தாகிவிட்டது. எங்கோ வெளிநாட்டில் ஒரு கூட்டத்தில் எடுத்த முடிவு, எங்கள் நோட்டில் இரண்டு பிள்ளைகளின் சாப்பாடாக வந்து உட்கார்ந்தது. எங்கள் ஒதுக்கீடு மட்டும் எடை கூடாமல் அப்படியே இருந்தது.

ஒதுக்கீடு என்றால் இவ்வளவுதான். கல்லூரியில் ஏறத்தாழ 1,800 பிள்ளைகள். தலைக்கு 150 ரூபாய் விளையாட்டுக் கட்டணம். மொத்தம் 2,70,000. அதில் ஆண்டு விளையாட்டு விழாவின் பந்தலுக்கும் கோப்பைக்கும் பொன்னாடைக்கும் 60,000 போய்விடும். விழாவில் எல்லாப் பிள்ளைகளும் ஒரு நாள் ஓடுகிறார்கள், அதைக் குறை சொல்ல மாட்டேன், பொன்னாடையைச் சொல்வேன். மீதியில் கிரிக்கெட், கபடி, கைப்பந்து, தடகளம் என்று பங்கு பிரித்துப் பெண்கள் மல்யுத்தத்துக்கு வந்தது 38,000. போக்குவரத்தும் பதிவுக் கட்டணமும் 14,000, உடை 9,000, மருந்து 3,000, சாப்பாடு 12,000. வணிகவியல்காரிக்கு இந்த நான்கு வரி போதும், எங்கே ஓட்டை என்று தெரிந்துவிடும். சொல்லிக்கொடுக்கிற ஆளுக்கு ஒரு வரிகூட இல்லை.

அதற்கு வருகிறேன். அதற்கு முன் முட்டை.

பயிற்சிக்கு வருகிற பிள்ளைகள் பன்னிரண்டு பேர், ஆளுக்கு நாளைக்கு நான்கு முட்டை, மொத்தம் 48 முட்டை. மாதம் 25 நாள் என்றால் 1,200 முட்டை. ஒன்று 4.50 என்று வைத்தால் 5,400 ரூபாய். இதில் 50 காசு ஏறினால் 600 ரூபாய் கையை விட்டுப் போகும். அந்தக் காலத்தில் நாளிதழைத் திறந்ததும் நான் முதலில் பார்த்தது நாமக்கல் முட்டை விலை. தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு விலை அறிவிக்கிறது என்பதெல்லாம் அதுவரை எனக்குச் செய்தியே அல்ல. 2017 நவம்பரில் பண்ணைக் கொள்முதல் விலையே 5 ரூபாயைத் தாண்டியபோது நான்கு முட்டை மூன்றாகி, மீதிக்கு வேர்க்கடலையை ஊறவைத்தோம். விடுதிச் சமையலறையில் அசைவத்துக்கு அனுமதி இல்லை. சமையல்கார அம்மா பின்பக்கம் தகரக் கொட்டகையில் தனிப் பாத்திரம் வைத்து விறகில் அவித்துக் கொடுத்தார். அந்த விறகுக்கு நோட்டில் பதிவே இல்லை. இப்போது பார்க்கும்போது உறுத்துகிறது.

உடைக்குத் திருப்பூர் கைகொடுத்தது. மல்யுத்த உடை ஒரே துண்டு, உடம்போடு ஒட்டி நிற்க வேண்டும். ஆளுக்குச் சிவப்பு ஒன்று, நீலம் ஒன்று என்று இரண்டு வேண்டும், எந்த மூலையில் பெயர் விழுகிறதோ அந்த நிறம். கடையில் ஒன்று ஆயிரத்துக்கு மேல் போனது. 55-இன் சித்தப்பா திருப்பூரில் சாம்பிள் தைக்கிற டெய்லர். ஏற்றுமதிக்குப் போனது போக மீந்த லைக்ரா துணியில் தைத்துத் தருவதாகச் சொன்னார். முதல் தவணையை ஓவர்லாக்கில் முடித்துவிட்டார். உள்பக்கத் தையல் கழுத்தை அறுத்தது, 63 ஒருத்தியைத் தூக்கிப் போட்டபோது விலாப் பக்கம் சர்ரென்று பிரிந்தது. அடுத்த தவணை ஃபிளாட்லாக். அது இன்றுவரை பிரியவில்லை. கல்லூரிப் பெயரை அச்சடிக்க ஓர் உடைக்கு 60 ரூபாய் கேட்டார்கள். மூன்று விலைப்புள்ளி இல்லை என்று அலுவலகம் கோப்பைத் திருப்பி அனுப்பியது. பெயர் இல்லாமலேதான் எங்கள் பிள்ளைகள் கோதாவில் நின்றார்கள். ஒலிபெருக்கியில் கல்லூரிப் பெயரைச் சொல்லும்போது பக்கத்துக் கல்லூரி மேலாளர் என் பக்கம் குனிந்து, “உங்கள் பிள்ளைகளா?” என்று கேட்பார்.

இப்போது ஹவில்தார் ஐயா.

எங்கள் பி.டி. சார் பெரியநாயக்கன்பாளையம் மாருதி உடற்கல்வியியல் கல்லூரியில் படித்தவர், கைப்பந்து ஆட்டக்காரர். ஒரே ஆள். பத்தொன்பது விளையாட்டும் அவர்தான், விளையாட்டு விழா அழைப்பிதழும் அவர்தான், சுதந்திர தினக் கொடிக் கயிறும் அவர்தான். குஸ்தி அவருக்குத் தெரியாது, தெரியாது என்பதை வெளிப்படையாகச் சொல்கிற மனிதர். அவர்தான் எங்கிருந்தோ ஹவில்தார் ஐயாவைப் பிடித்து வந்தார். மதராஸ் ரெஜிமென்ட்டில் இருந்து ஓய்வு பெற்றவர், படையில் குஸ்தி போட்டவர், ஊருக்கு வந்து ஏ.டி.எம். ஒன்றுக்கு இரவுக் காவல். காலை ஐந்தரைக்கு வேலை முடிந்ததும் வீட்டுக்குப் போகாமல் டி.வி.எஸ். எக்ஸ்.எல்.லில் நேராக மைதானத்துக்கு வந்துவிடுவார். மாதம் 4,000 ரூபாய் மதிப்பூதியம், வருடத்தில் பத்து மாதம். அது விளையாட்டுக் கணக்கில் வராது. எங்கள் தாளாளர் மனம் இரங்கி அறக்கட்டளையின் சில்லறைச் செலவில் எழுதச் சொன்னது.

கோதா அமைத்தது அவர்தான். வேப்பமரத்தடியில் முழங்கால் ஆழம் தோண்டி, செம்மண்ணைச் சல்லடையில் சலித்துக் கொட்டி, மஞ்சள் தூளும் மோரும் வேப்பெண்ணெயும் விட்டு மிதித்தார். பிள்ளைகளையும் மிதிக்கச் சொன்னார். பொங்கல் வாசல் மாதிரி மணந்தது. முதல் இரண்டு மாதம் பிடி எதுவும் சொல்லித் தரவில்லை. கழுத்தை ஊன்றிப் பாலம் போடுவதும், விழுவதும், எழுவதும்தான். 48 அழுதுகொண்டே என்னிடம் வந்து, கபடிக்கே போய்விடுகிறேன் என்றாள்.

பிறகு ஒரு நாள் காலையில் நான் பார்த்தது இது. 48 அவளுடைய கபடிப் பழக்கத்தில் எதிராளியின் கணுக்காலை லபக்கென்று பிடித்தாள். பிடித்துத் தன் பக்கம் இழுத்தாள். எதிராளி ஒற்றைக் காலில் தத்தித் தத்திக் கூடவே வந்தாளே தவிர விழவில்லை. ஐயா இருவரையும் அப்படியே நிற்கச் சொன்னார். “கண்ணு, கபடியில் கோட்டுக்குப் போகவிடாமல் உன் பக்கம் இழுக்கிறாய். இங்கே கோடு இல்லை. பிடித்த காலை விடாதே, நீ அவள் பக்கம் போ.” 48 காலை மார்போடு அணைத்துக்கொண்டு ஓர் அடி முன்னே வைத்தாள், தோள் எதிராளியின் தொடையில் இடித்தது, இன்னோர் அடி வைப்பதற்குள் அவள் மல்லாந்து கிடந்தாள். இழுப்பதைத் தள்ளுவதாக மாற்றினார், அவ்வளவுதான். ஆனால் அந்தப் பிள்ளை கைகளைப் பார்த்துக்கொண்டு நின்ற நிலையை நான் மறக்கவில்லை. பன்னிரண்டு வருடப் பள்ளிக்கூடத்தில் அவளுக்கு யாரும் எதையும் அப்படிச் சொல்லிக் கொடுத்ததில்லை என்று தோன்றியது. என் வகுப்பையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அடுத்த நாள் தேய்மானம் நடத்தும்போது எனக்கே வெட்கமாக இருந்தது.

2017-ல் கல்லூரிகளுக்குத் தரம் போடுகிற நாக் குழு வருவதாக இருந்தது. கல்லூரி முழுக்கச் சுண்ணாம்பு வாசனை. பழைய மாணவர் ஒருவர், மில் முதலாளி, விளையாட்டுக்கு ஏதாவது செய்கிறேன் என்றார். மல்யுத்த மேட், அதாவது போட்டிக்கான விரிப்பு, வாங்கலாம் என்று முடிவானது. 3,60,000 ரூபாய். திறப்பு விழா, ரிப்பன், கொடையாளர் பெயரோடு கருங்கல் பலகை. அன்று பி.டி. சார் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு, இதில் ஒரு பகுதியைப் பயிற்சியாளர் சம்பளத்துக்கு ஒதுக்க முடியுமா என்று தாளாளரிடம் கேட்டார். நானும் பக்கத்தில் இருந்தேன். தாளாளர் கோபப்படவில்லை. “பொருளுக்கு ஒரு தடவை கொடுத்தால் முடிந்தது சார். ஆளுக்குக் கொடுத்தால் அடுத்த வருடமும் கொடுக்க வேண்டும். அடுத்த வருடம் அவர் கொடுப்பார் என்று நான் எப்படிச் சொல்வது?” என்றார். அவர் சொன்னதில் தப்பு இல்லை. முதலீட்டுச் செலவு வேறு, நடைமுறைச் செலவு வேறு என்று முதலாமாண்டுப் பிள்ளைகளுக்கு நானே கரும்பலகையில் எழுதிப் போடுகிறேன். வீட்டுக்கு வந்து வகுத்துப் பார்த்தேன். ஹவில்தார் ஐயாவின் ஒன்பது வருட ஊதியம், சரியாக.

மேட் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. போட்டி மேட்டில்தான் நடக்கிறது. மண்ணில் பழகிய கால் அங்கே வழுக்கும், மண்ணில் பிடிமானமாக இருக்கும் வியர்வை அங்கே எண்ணெயாகிவிடும். ஆனால் கொடையாளருக்கு யாரும் சொல்லாத ஒன்று உண்டு. 12 மீட்டருக்கு 12 மீட்டர் மேட் என்பது 72 துண்டு, ஒவ்வொன்றும் இரண்டு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம். மேலே ஓர் உறை. அதை விரித்து வைக்க எங்களிடம் இருந்த ஒரே இடம் கலையரங்கம். அங்கே ஒன்பதரைக்குத் தேர்வு, கருத்தரங்கு, ரத்ததான முகாம். ஆகவே தினமும் காலையில் பன்னிரண்டு பிள்ளைகள் ஆளுக்கு ஆறு துண்டு சுமந்து வந்து அடுக்குவார்கள், 25 நிமிடம். எட்டு மணிக்கு மறுபடி தூக்கிக் கொண்டுபோய் அடுக்குவார்கள், 25 நிமிடம். இரண்டு மணி நேரப் பயிற்சியில் ஒரு மணி பத்து நிமிடம் மிஞ்சும். மூன்றாவது மாதம் வாரத்துக்கு இரண்டு நாள் மட்டும் மேட், மற்ற நாள் மண் என்று ஐயா வைத்துக்கொண்டார். நாக் குழு வந்த அன்று மேட்டின் மேல் பிள்ளைகள் வரிசையாக நின்று வணக்கம் சொன்னார்கள். படம் ஆண்டு மலரில் இருக்கிறது. ஹவில்தார் ஐயா அதில் இல்லை. அன்று இரவுக் காவலுக்கு மாற்று ஆள் வராததால் அவர் ஏ.டி.எம். வாசலிலேயே இருந்தார்.

நன்றாகத்தான் போனது என்று சொல்ல வேண்டும். 2018-19-ல் 53-உம் 62-உம் பல்கலைக்கழக அணிக்குத் தேர்வானார்கள். ஈரோட்டில் கேரளா எக்ஸ்பிரஸ் ஏறினால் தில்லிக்கு இரண்டு இரவு. அப்போது விளையாட்டு வீரர்களுக்கு ரயில் கட்டணத்தில் முக்கால் பங்கு கழிந்தது. 2020 மார்ச்சில் நிறுத்திய சலுகைகளோடு அதுவும் போனது. வடக்கே இருவரும் முதல் சுற்றிலேயே தோற்றார்கள். ஹரியானாப் பிள்ளைகள் பால் குடித்துவிட்டு வருகிறார்கள் மேடம், நாங்கள் பஸ் பிடித்து வருகிறோம் என்றாள் 62. ஆனால் கையில் படிவம் 3 கிடைத்தது. வெளியாட்களுக்கு அது ஒரு காகிதம். அகில இந்தியப் பல்கலைக்கழகப் போட்டியில் ஆடியவர்களுக்கான சான்று அது. அரசு வேலையில் விளையாட்டு ஒதுக்கீட்டுக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்றால் அந்தக் காகிதம்தான் கதவு. தமிழ்நாட்டில் அந்த ஒதுக்கீடு 3 சதவீதம். எங்கள் பிள்ளைகளின் வீட்டார் ஒலிம்பிக் பற்றிக் கேட்டதே இல்லை. “படிவம் கிடைக்குமுங்களா?” என்றுதான் கேட்டார்கள்.

அந்தத் தேர்வுக்கு முன்னால் நடந்ததை எழுதாமல் விட்டால் இந்தக் கணக்கு பொய்க்கணக்கு. கல்லூரிகளுக்கு இடையிலான போட்டி, காலை ஏழு மணிக்கு எடை பார்க்கிறார்கள். 53 ஏறி நின்றாள். 53.300. அரை மணி நேரம் கொடுத்தார்கள். இரண்டு ஸ்வெட்டர், அதன் மேல் என் மழைக்கோட்டு, கேன்டீன் பின்னால் சிமென்ட் தரையில் ஓட்டம். ஒரு காகிதக் கோப்பையில் துப்பிக்கொண்டே ஓடினாள். மறுபடி ஏறினாள், 53.050. பத்து நிமிடம் இருந்தது. அவள் தன் சடையை முன்னால் எடுத்து என்னைப் பார்த்தாள். அம்மிச்சி வாரம் தவறாமல் எண்ணெய் வைத்து வளர்த்த முடி, இடுப்பைத் தாண்டும். முதலுதவிப் பெட்டியில் இருந்த கட்டுத்துணிக் கத்தரிக்கோலால் நானே வெட்டினேன். மழுங்கல், நாரை அறுப்பது போல அறுக்க வேண்டியிருந்தது. 52.980. இறங்கியதும் உப்புப் போட்ட எலுமிச்சைச் சாற்றை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். இறுதிப் போட்டியில் கெண்டைக்கால் இழுத்துக்கொண்டு இரண்டாவதாக வந்தாள். முதலிடம் வந்த பிள்ளை விலகியதால் பல்கலைக்கழக அணியில் இவளுக்கு இடம் கிடைத்தது. நான் செய்தது தப்பு. அவளை 55-க்கு மாற்றியிருக்க வேண்டும். 55-ல் வேறொருத்தி இருந்தாள், புள்ளி போய்விடும் என்று பேசாமல் இருந்துவிட்டேன். 2024 ஆகஸ்டில் பாரிஸில் வினேஷ் போகாட் 50 கிலோ இறுதிப் போட்டியன்று 100 கிராம் கூடுதல் என்று வெளியேற்றப்பட்டபோது, நாடு முழுக்கத் தொலைக்காட்சியில் கத்திக்கொண்டிருந்தது. 53 எனக்கு ஒரு வரி அனுப்பினாள்: “மேடம், முடி வெட்டிப் பார்த்தார்களாமே.”

பணத்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம் பி.டி. சார் கே.டி. ஜாதவ் கதையைச் சொல்வார். 1952 ஹெல்சிங்கியில் வெண்கலம்; சுதந்திர இந்தியாவுக்குத் தனிநபராகக் கிடைத்த முதல் ஒலிம்பிக் பதக்கம், அதுவும் குஸ்தியில். அவர் போய்வரப் பணம் இல்லை. ஊர்க்காரர்களிடம் வசூல் செய்தார்கள். அவர் படித்த கோலாப்பூர் ராஜாராம் கல்லூரியின் முதல்வர் தன் வீட்டை அடமானம் வைத்து 7,000 ரூபாய் கொடுத்தார். சார் இதைச் சொல்லி முடித்துவிட்டு எங்கள் முதல்வர் அறைப் பக்கம் ஒரு பார்வை பார்ப்பார். எனக்கு அந்தக் கதை அவர் சொல்கிற அளவுக்கு உவப்பாக இல்லை. ஒரு கல்லூரி முதல்வர் வீட்டை அடகு வைத்தால்தான் மாணவன் கப்பல் ஏறலாம் என்பது பெருமையா? என் நோட்டில் எழுதினால் ‘யார் கொடுத்தது’ பத்தியில் அந்த முதல்வர் பெயரும் ஒரு தனி ஆளின் பெயர்தான்.

பணம் கொட்டிக் கிடக்கிற இடத்திலும் நிலைமை ஒன்றும் பெரிதாக வேறு இல்லை போலிருக்கிறது. அண்ணன் மகன் ஒஹாயோவில் படிக்கிறான். அங்கே கல்லூரிக் குஸ்திக்குக் கூட்டம் அலைமோதும். ஆண்களுக்குப் பத்து எடைப் பிரிவு. முதல் நிலைக் கல்லூரி ஒன்று கொடுக்கலாம் என்று அனுமதித்திருந்த முழு உதவித்தொகை 9.9. “பத்துப் பேருக்கு 9.9 அத்தை, அதையும் முப்பது பேருக்குத் துண்டு துண்டாகப் பிரிப்பார்கள்” என்றான். 2025-ல் ஒரு நீதிமன்ற உடன்பாட்டுக்குப் பிறகு, அதை ஏற்ற கல்லூரிகளுக்கு அந்த வரம்பு போய், அணிக்கு 30 பேர் என்ற வரம்பு வந்திருக்கிறதாம். நான் சிரித்துவிட்டேன், 60 கிலோவில் ஒருத்தி கிடைக்காமல் நாங்கள் திண்டாடினோம், அங்கே முப்பத்தோராவது ஆளை என்ன செய்வது என்று கவலை. அவன் சொன்னதில் எனக்குப் பிடித்தது வேறு. 2020 ஜூலையில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் பணமில்லை என்று 11 விளையாட்டுகளை நிறுத்தப்போவதாக அறிவித்தது, மல்யுத்தமும் அதில் ஒன்று. அடுத்த மார்ச்சில் அந்த அணியின் ஷேன் கிரிஃபித் 165 பவுண்டு பிரிவில் தேசியப் பட்டம் வென்றார், பல்கலைக்கழகப் பெயர் இல்லாத வெறும் கறுப்பு உடையில். மே மாதம் முடிவைத் திரும்பப் பெற்றார்கள். பெயர் இல்லாத உடைக்கு அங்கே அவ்வளவு வலு. எங்கள் உடையில் பெயர் இல்லாததை எங்கள் கல்லூரியில் ஒருவரும் கவனிக்கவில்லை.

2019 ஜூனில் தணிக்கை. சில்லறைச் செலவில் மாதா மாதம் 4,000 போவதைக் கண்டுபிடித்தார்கள். நியமன ஆணை எங்கே? பயிற்சியாளருக்கான பட்டியாலா என்.ஐ.எஸ். பட்டயம் எங்கே? எந்தத் தலைப்பில் கொடுக்கிறீர்கள்? மூன்று கேள்வியும் நியாயமான கேள்வி. வணிகவியல்காரியாக நானே கேட்டிருப்பேன். தலைப்பு இல்லாத பணம் நின்றது. பி.டி. சார் இரண்டு மாதம் தன் சம்பளத்தில் கொடுத்தார். மூன்றாம் மாதம் ஐயா வாங்க மறுத்து, பெட்ரோலுக்கு மட்டும் போதும் என்றார். வாரம் 200. அதில் நான் பாதி. தீபாவளிக்குப் பிறகு அவருக்குப் பகல் காவல் மாறியது. “காலையில் வர முடியாதுங்க மேடம்” என்று சொல்லிவிட்டு, கோதா மண்ணை ஒரு முறை கிளறிவிட்டு, மண்வெட்டியைக் கழுவிச் சாய்த்துவிட்டுப் போனார். அந்த வருடம் பத்து எடையில் நான்கில்தான் நாங்கள் பெயர் கொடுத்தோம். பிறகு கொரோனா. கல்லூரி திறந்தபோது மல்யுத்தம் என்ற வரி விளையாட்டுப் பட்டியலில் இருந்தது, கூப்பிட ஆள் இல்லை. மேட் இருந்தது.

சென்ற மாதம் 53 தொலைபேசியில் அழைத்தாள். காங்கேயம் பக்கம் ஒரு பள்ளியில் உடற்கல்வி ஆசிரியை. ஆறேழு பிள்ளைகளைத் தேற்றியிருக்கிறாளாம். “மேடம், அந்த மேட் சும்மாதானே கிடக்கிறது? விலைக்குக் கொடுப்பார்களா?”

போய்ப் பார்த்தேன். 72 துண்டில் 61 இருக்கிறது. நான்கு, ஜெனரேட்டர் அறையில் அதிர்வு தாங்க அடியில் போட்டிருக்கிறார்கள். இரண்டு, காவலாளியின் படுக்கை. மற்றவை எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. உறையின் ஒரு மூலையை எலி கடித்திருக்கிறது. அலுவலகத்தில் சொத்துப் பதிவேட்டைக் கேட்டேன். மேட்டை மேசை நாற்காலியோடு சேர்த்து அறைகலன் என்று எழுதி, வருடத்துக்கு 10 சதவீதம் தேய்மானம் கழித்திருக்கிறார்கள். எட்டு வருடம் கழிந்து 2025 மார்ச்சில் ஏட்டு மதிப்பு 1,54,968 ரூபாய். அதற்குக் குறைந்து கொடுக்க வேண்டுமென்றால் கழிவுப் பொருள் குழு கூட வேண்டும், மூன்று விலைப்புள்ளி வேண்டும், கொடையாளரிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும்.

அன்று மாலையே அவளிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, “விடுங்க மேடம். பள்ளிக்குப் பின்னால் செம்மண் இருக்கிறது, நேற்றே தோண்ட ஆரம்பித்துவிட்டோம்” என்றாள். ஐயாவிடம் பேசினாயா என்றேன். பேசினாளாம். முழங்கால் வலி, ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருகிறாராம், பெட்ரோல் இவள் கணக்கு. “மேடம், மஞ்சள் எவ்வளவு போட்டோம் என்று ஐயாவுக்கு நினைவில்லை என்கிறார். உங்கள் நோட்டில் இருக்குமா?”

இருந்தது. இரண்டாம் பக்கம், மேலிருந்து நான்காவது வரி. வாசித்துக் காட்டினேன்: மஞ்சள் தூள் 2 கிலோ, மண்டியில் இனாம். வேப்பெண்ணெய் 1 லிட்டர். மோர் 5 லிட்டர். சல்லடை இரவல். கொடுத்தது: ஹவில்தார் ஐயா.